கதவைத் திறங்கள், அம்மாவும் உள்ளே வரட்டும்

மாலை ஐந்து மணிக்கு மேல் அடையாறிலோ தி.நகரிலோ மயிலாப்பூரிலோ ஒரு ஸ்பீச் தெரபி சென்டர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். மாடிப்படி ஓரம் குட்டிச் செருப்புகள். உள்ளே சுவரோரம் நாற்காலிகள். அவற்றில் அம்மாக்கள், பாட்டிகள், ஆபீஸ் பையைத் தோளிலிருந்து இறக்காத சில அப்பாக்கள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தையும் தெரபிஸ்ட்டும். 45 நிமிடம் கழித்துக் கதவு திறக்கும். "இன்னைக்கு நல்லா உக்காந்தான், ரெண்டு தடவை 'பா' சொன்னான்" என்று ஒரு வரி. உடனே அடுத்த குழந்தையின் பெயரைக் கூப்பிடுவார்கள்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அந்த அம்மா அடுத்த மூன்று நாள் வீட்டில் என்ன செய்வார்?

பேச்சு தாமதமாகும் குழந்தைகளுக்குச் சென்னையில் என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்று பார்க்கக் கிளம்பினால் சுற்றிச் சுற்றி இந்த மூடிய கதவில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கதவைத் திறந்து வைத்த ஊர் இது. அதனால் வருத்தம் இன்னும் கூடுகிறது.

அடையாறு சொன்ன பாடம்

1969-ல் சரஸ்வதி நாராயணசாமியும் அவரோடு சேர்ந்த சில பெண்களும் பாலவித்யாலயாவைத் தொடங்கினார்கள். அடையாறு சாஸ்திரி நகரில் இருக்கும் இந்தப் பள்ளி, காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்கானது. காது கேட்காத பிள்ளை என்றால் ஐந்து, ஆறு வயதாகட்டும், ஸ்பெஷல் ஸ்கூலில் சேர்க்கலாம் என்பது அன்றைய வழக்கம். அதற்குள் மொழி வேர்பிடிக்கும் பருவம் பாதி போய்விடும். இங்கே கைக்குழந்தைகளையே சேர்த்துக்கொண்டார்கள். குழந்தையோடு அம்மாவையும் வகுப்புக்கு வரச் சொன்னார்கள். எப்படிப் பேச வேண்டும், எப்படிக் கேட்க வைக்க வேண்டும் என்பதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, வீட்டுக்குப் போய் நாள் முழுக்கச் செய்தார்.

காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கேட்கும் திறன் மிச்சமிருக்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் காது மெஷினை மாட்டி, அந்த மிச்சத்தைப் பழக்கி, வீட்டு மொழியிலேயே பேச்சுக்குக் கொண்டுவரும் தங்கள் முறைக்கு 'த்வனி' என்று பெயர் வைத்தார்கள். கட்டணம் கிடையாது. பள்ளி வயது வந்ததும் குழந்தைகள் சாதாரணப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேர்கிறார்கள்.

இருபது ஆண்டு கழித்து, 1989-ல், தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில் மதுரம் நாராயணன் மையம் வந்தது. அறிவு வளர்ச்சி தாமதமாகும் குழந்தைகளுக்குப் பிறந்ததிலிருந்து ஆறு வயது வரை பயிற்சி. அவர்கள் உருவாக்கிய 'உபநயன்' பாடத்திட்டம், உடலசைவு, தன் வேலையைத் தானே செய்துகொள்வது, மொழி, அறிவு, பழகுதல் என்று குழந்தை கற்க வேண்டியதைச் சின்னச் சின்னத் திறன்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அங்கேயும் அதே நிபந்தனைதான்: அம்மாவோ அப்பாவோ வீட்டுப் பெரியவரோ ஒருவர் கூட உட்கார வேண்டும்.

காது கேளாமைக்காக ஒன்று, அறிவு வளர்ச்சிக்காக இன்னொன்று. இரண்டும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. கணக்குப் போட்டாலே காரணம் தெரியும். வாரத்துக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். இரண்டு வயதுக் குழந்தை வாரத்தில் 80 மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கிறது. அந்த எண்பதை விட்டுவிட்டு ஒன்றரையில் மட்டும் பேச்சு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது குழந்தைக்கும் அநியாயம், தெரபிஸ்ட்டுக்கும் அநியாயம்.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் வழியாகக் குழந்தைக்கு மொழி கற்பித்த 18 ஆய்வுகளை 2011-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ராபர்ட்ஸும் கைசரும் தொகுத்துப் பார்த்தார்கள். பலன் இருந்தது. இந்திய வீடுகளுக்கு இதெல்லாம் ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு பதில் சொல்கிறது. 2016-ல் வெளியான அந்த ஆய்வில் வீடு வீடாகப் போய்ப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பெரிய நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோரும் குழந்தையும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகும் விதம் கண்கூடாக மாறியது.

"ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும்"

இந்தச் சமாதானம் கேட்காத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. "உங்க மாமா நாலு வயசு வரைக்கும் வாயே திறக்கல, இப்ப வாயை மூடவே மாட்டேங்கிறார்." "வசம்பு சுட்டு நாக்குல தடவு." "நாக்குக்கு அடியில ஒட்டியிருக்கு, அதை வெட்டிவிட்டா பேசிடும்." நாக்கு ஒட்டியிருந்தால் பால் குடிப்பதில் சிரமம் வரலாம், சில ஒலிகள் பிசகலாம். மொழியே வராமல் போவதற்கு அது காரணமாகாது. வசம்போடு தேன் குழைத்துத் தடவுவதும் வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே தேன் ஆபத்து.

திருச்செந்தூருக்கு வேண்டிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமல் இருந்தார், பெற்றோர் முருகன் சந்நிதியில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள், பேச்சு வந்தது, கந்தர் கலிவெண்பா பிறந்தது என்பது வழிவழியாக வரும் வரலாறு. அந்த நம்பிக்கை ஒரு தாய்க்குத் தரும் தெம்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. வேண்டுதல் இருக்கட்டும். போகும் முன் காது பரிசோதனை ஒன்றை முடித்துவிட்டுப் போங்கள் என்பதுதான் என் கெஞ்சல்.

பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் அதைத் தாண்டுவது கடினமாக இருக்கிறது. இரண்டு வயதில் 100 குழந்தைகளில் 10 முதல் 15 பேர் தாமதமாகப் பேசுகிறவர்கள். அவர்களில் பாதிப் பேராவது பள்ளி வயதுக்குள் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். அந்த மாமா இந்தப் பாதியில் இருந்தவர். மறு பாதி? காரணம் எதுவும் புலப்படாமல் மொழியில் மட்டும் நிலையான சிரமம் இருக்கும் குழந்தைகள் பள்ளி வயதில் 100-க்கு ஏழு பேர் என்று 1997-ல் அமெரிக்காவிலும் 2016-ல் இங்கிலாந்திலும் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டின. வகுப்பில் 'மந்தம்', 'கவனம் இல்லை' என்று பெயர் வாங்கிக்கொண்டு பின் பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இவர்கள்தான்.

எந்தக் குழந்தை எந்தப் பாதி என்று யாராலும் இரண்டு வயதில் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் குறிகள் உண்டு. பேச்சு வராவிட்டாலும் சொல்வதைப் புரிந்துகொள்கிறதா? 'செருப்பு எடுத்துட்டு வா' என்றால் எடுத்து வருகிறதா? நிலாவையோ நாயையோ விரல் நீட்டிக் காட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? இதெல்லாம் இருந்து, சொல் மட்டும் வரவில்லை என்றால் நம்பிக்கைக்கு இடம் அதிகம். 16 மாதம் ஆகியும் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயது முடிந்தும் 'அம்மா வா', 'பால் வேணும்' போன்ற இரண்டு சொல் சேர்ப்பு இல்லை என்றால் மதிப்பீட்டுக்குப் போய்விட வேண்டும். பேசிக்கொண்டிருந்த சொற்கள் காணாமல் போனால் எந்த வயதானாலும் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

முதலில் காது. 'கதவைத் தட்டினா திரும்புறான், கேட்குது' என்பது பரிசோதனை இல்லை. தாழ்ந்த ஒலி கேட்டு உயர்ந்த ஒலி கேட்காத குழந்தை கதவுக்குத் திரும்பும், ஆனால் 'ஸ', 'ச' போன்ற ஒலிகள் அதற்கு எட்டாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது உலகம் ஒப்புக்கொண்ட காலக்கெடு. ஓ.ஏ.ஈ., பெரா என்ற இரண்டு பரிசோதனைகளும் குழந்தை தூங்கும்போதே செய்யக்கூடியவை, வலி இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 28 திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. பரம்பரையாக வரும் காது கேளாமைக்கு அது வழி திறக்கிறது என்பதால், இந்த மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் காது பரிசோதனை கட்டாயமாக இருக்க வேண்டும்.

இவ்வளவு அவசரம் ஏன்? 1984-ல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் செய்த ஆய்வு தமிழர்களுக்கு நெருக்கமானது. நாக்கைப் பல்லில் தொட்டுச் சொல்லும் 'த'வும், அண்ணத்தில் மடித்துச் சொல்லும் 'ட'வும் தமிழைப் போலவே இந்தியிலும் வேறு வேறு ஒலிகள். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு இல்லை. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் வீட்டுக் குழந்தைகள் ஆறு, எட்டு மாதத்தில் இந்த இரண்டு ஒலிகளையும் பிரித்து அறிந்தன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் பெரும்பாலும் மறைந்துவிட்டது. முதல் பிறந்தநாளுக்குள் காது தன் மொழிக்கென்று அமைந்துவிடுகிறது. அந்த ஓராண்டில் ஒலியே எட்டாத குழந்தை எதை இழக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த மொழியில் பேசுவது?

சென்னையின் தென்பகுதியில் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. பேச்சு வராத குழந்தையிடம் வீட்டு மொழியை நிறுத்திவிட்டு ஆங்கிலத்துக்கு மாறச் சொல்வது. பிளே ஸ்கூல் சொல்கிறது, சில டாக்டர்கள் சொல்கிறார்கள், தெரபிஸ்ட்டுகளிலும் சிலர் சொல்கிறார்கள். 'ரெண்டு பாஷையில குழம்பிட்டான்' என்பது காரணம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்த முடிவு. தமிழில் 20 சொல், ஆங்கிலத்தில் 15 சொல் தெரிந்த குழந்தைக்கு இரண்டையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்த தலைமுறைகள் மயிலாப்பூரில் எத்தனை!

ஆங்கிலத்துக்கு மாறும் வீட்டில் நடப்பது இதுதான். பாட்டி வாயடைத்துப் போகிறார். அம்மா 'கம், சிட், ஈட்' என்று கட்டளைகளாக மட்டும் பேசுகிறார். கதை இல்லை, கொஞ்சல் இல்லை, சாய்ந்தாட்டும் பாட்டு இல்லை. சொற்கள் அதிகம் தேவைப்படும் குழந்தையின் காதில் விழும் சொற்கள் பாதியாகக் குறைந்துவிடுகின்றன. ஏ முதல் இஸட் வரை ஒப்பிக்கும், பத்து நிறம் சொல்லும், ஆனால் தாகம் எடுத்தால் 'தண்ணி' என்று கேட்கத் தெரியாமல் ஃபிரிட்ஜை அடித்து அழும் மூன்று வயதுக் குழந்தைகள் இந்த ஊரில் குறைவில்லை. 'வேணும்', 'வேண்டாம்', 'தா', 'இன்னும்', 'போதும்', 'வலிக்குது' இவைதான் முதல் சொற்களாக வர வேண்டியவை. ஒரு தெரபி சென்டரில் மூன்று மாதமாக நிறமும் வடிவமும் மட்டுமே சொல்லித்தருகிறார்கள் என்றால், ஏன் என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது.

தமிழிலேயே பயிற்சி என்றாலும் எந்தத் தமிழ் என்பது முக்கியம். பட அட்டையில் 'பேருந்து', 'வாழைப்பழம் உண்கிறான்' என்று இருக்கும். குழந்தை பிறந்ததிலிருந்து கேட்டது 'பஸ்', 'வாழப்பழம் சாப்பிடுறான்'. பேச்சுப் பயிற்சி வீட்டில் புழங்கும் பேச்சுத் தமிழில்தான் நடக்க வேண்டும், எழுத்துத் தமிழ் பள்ளிக்கூடத்தில் வரும். 'ர', 'ற', 'ழ' எல்லாம் மெதுவாக வரும் ஒலிகள். மூன்று வயதில் 'ரயில்' 'லயிலு' ஆவதும் 'பழம்' 'பளம்' ஆவதும் கவலைக்குரியவை இல்லை. பின்னது சென்னையில் பெரியவர்களே பேசும் பேச்சு, அதைத் திருத்தச் செலவழிக்கும் நேரம் வீண்.

அந்த எண்பது மணி நேரத்தில்

நல்ல தெரபிஸ்ட் பெற்றோருக்குச் சொல்லித்தருவது எல்லாம் அன்றாடத்துக்குள் அடங்குபவை. முதலாவது, காத்திருப்பது. பிஸ்கட் டப்பாவைத் திறக்காமல் குழந்தை கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் பத்து எண்ணுங்கள். திறக்க முடியாமல் அது நம் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வை ஒரு பேச்சு. 'திற' என்று நாம் சொல்லிக்கொண்டே திறக்கிறோம். அடுத்த முறையும் அதே 'திற'. ஒரு நாள் 'தி' என்று வரும். அதையே முழுச் சொல்லாக மதித்து உடனே திறந்துவிட வேண்டும். 'ஒழுங்கா சொல்லு' என்று இழுத்தடித்தால் குழந்தை வாயை மூடிக்கொள்ளும்.

இரண்டாவது, கேள்வியைக் குறைப்பது. 'இது என்ன? சொல்லு. மாமாவுக்கு சொல்லிக் காட்டு.' பேச்சு வராத குழந்தை நாள் முழுக்கப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறது. கேட்பதை விட்டுவிட்டு, அது எதைப் பார்க்கிறதோ அதைச் சொல்லுங்கள். லஸ் முனையில் பஸ்ஸைப் பார்த்து நின்றால் 'பஸ்! பெரிய பஸ்! பஸ் போச்சு.' அது 'பஸ்' என்றால் நாம் 'பஸ் வருது' என்று ஒரே ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு சொல் வந்தால் மூன்றாக்கித் திருப்பிக் கொடுப்பது. தெரிந்த பாட்டைப் பாடிக்கொண்டே வந்து கடைசிச் சொல்லை விழுங்கிக்கொண்டு காத்திருந்தால், அந்த இடத்தைக் குழந்தை நிரப்ப வரும். குளிக்கும்போது, காய் நறுக்கும்போது, பனகல் பார்க்கில் நடக்கும்போது செய்யலாம். பாட்டிகளுக்கு இது பாதிக்கு மேல் தெரியும். தாங்கள் செய்வது சரிதான் என்று அவர்களிடம் ஒருவர் சொன்னால் போதும்.

போன் பற்றிச் சுருக்கமாக. இரண்டு வயது வரை திரை வேண்டாம், ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்குள் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வழிகாட்டியது. யூடியூப் பதில் எதிர்பார்க்காது, காத்திருக்காது, அதனால் அதிலிருந்து பேச்சு பிறக்காது. ஆனால் 'வெர்ச்சுவல் ஆட்டிசம்' என்று ஒரு பெயரைச் சொல்லி, போனை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மதிப்பீட்டைத் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. மருத்துவ உலகம் அங்கீகரித்த நோய்ப்பெயர் இல்லை அது. போனையும் நிறுத்துங்கள், மதிப்பீட்டுக்கும் போங்கள்.

வாய்ப்பேச்சே வராத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கிய கோட்டூர்புரம் வித்யாசாகர், படப்பலகையைத் தொட்டும் கண்ணால் காட்டியும் கருத்தைச் சொல்லும் முறைகளைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறது. அங்கிருந்த குழந்தைகளோடு பழகித்தான் அஜித் நாராயணன் 'ஆவாஸ்' கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் கருவி பேசும். தமிழிலும் உண்டு. 'இதைக் கொடுத்தா வாய் திறக்கவே மாட்டானே' என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். படப்பலகையும் கருவியும் பேச்சைத் தடுப்பதில்லை, சில குழந்தைகளுக்குப் பேச்சைக் கொண்டுவருகின்றன என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. சைகை மொழிக்கும் இது பொருந்தும். காது கேளாதோர் அதை முழுமையான மொழியாகப் பேசி வாழ்கிறார்கள். வாய்ப்பேச்சுக்காகக் காத்திருந்து எந்த மொழியும் இல்லாமல் ஐந்து வயதைத் தாண்டுவதே பெரிய இழப்பு.

நாள் கூலியும் நாற்காலியும்

இவ்வளவும் ஒரு அமர்வுக்குப் பல நூறு, சில இடங்களில் ஆயிரம் ரூபாய் கொடுக்க முடிகிற வீடுகளுக்கு. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அம்மாவுக்கும், மந்தைவெளியில் நாலு வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கும் என்ன வழி?

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) அறுவை சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. பல லட்சம் ரூபாய் பிடிக்கும் சிகிச்சை அது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிவதும், அதற்கான மாவட்ட மையங்களும் இருக்கின்றன. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மொழிக் குறைபாட்டைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. உலக வங்கி உதவியுடன் நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான 'விழுதுகள்' மையங்கள் வருகின்றன.

ஆனால் இம்ப்ளான்ட் பொருத்திய நாளில் குழந்தைக்குக் கேட்கும் வயது பூஜ்யம். நான்கு வயதுப் பிள்ளை அன்றுதான் கேட்கப் பிறக்கிறது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். வாரம் இருமுறை வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, வரிசையில் காத்திருந்து, அரை மணி நேரப் பயிற்சிக்கு வரும் அம்மாவின் அன்றைய கூலி யார் கணக்கிலும் இல்லை. பயிற்சி நின்றுபோவது அக்கறைக் குறைவால் அல்ல. பயணப்படியும் கூலி ஈடும் கொடுத்தால் அவர்களும் வருவார்கள். அம்மா வர முடியாத நாளில் அங்கன்வாடியில் குழந்தையோடு இருப்பவர் பணியாளர்தான். காத்திருப்பது, ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுப்பது என்ற இரண்டை மட்டுமாவது அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

தனியார் சென்டருக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டியவை இரண்டு. தெரபிஸ்ட் பி.ஏ.எஸ்.எல்.பி. போன்ற பட்டம் படித்தவரா, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்பது முதலாவது. சில வாரப் பயிற்சியோடு தெரபிஸ்ட் என்று பலகை மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நான் உள்ளே உட்காரலாமா என்பது இரண்டாவது. 'அம்மா இருந்தா அழுவான்' என்று பதில் வரும். சில குழந்தைகளுக்கு முதல் சில வாரம் அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கவாவது வழி செய்யட்டும், கடைசிப் பத்து நிமிடமாவது அம்மா செய்ய, தெரபிஸ்ட் பார்க்கட்டும். அதையும் மறுக்கும் இடத்தில் தொடர வேண்டாம்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. சென்னையில் தடுப்பூசிக்கு வராத குழந்தை அரிது. 16 முதல் 24 மாதத்துக்குள் பூஸ்டர் ஊசிக்கு மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தைகள் வருகின்றன. தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சிப் படிகளுக்கென்று பக்கங்கள் ஏற்கெனவே அச்சாகியிருக்கின்றன. ஊசி போடும் செவிலியர் அந்தப் பக்கத்தைத் திருப்பி, பெயர் சொன்னால் திரும்புகிறதா, விரல் நீட்டிக் காட்டுகிறதா, எத்தனை சொல் சொல்கிறது என்ற மூன்றையும் கேட்டுக் குறிக்கட்டும். 'இல்லை' என்று வரும் குழந்தைக்குக் காது பரிசோதனைக்கான தேதியை அங்கேயே, அந்த அட்டையிலேயே எழுதிக் கொடுக்கட்டும். புதிய கட்டடம் வேண்டாம், ஊசிக்கு ஆகும் நேரத்தோடு கூடுதலாக மூன்று நிமிடம் போதும்.